பிறவியிலேயே இருக்கும் பிழை நாற்பது வயதில் ஏன் நோயாகிறது? ஹன்டிங்டன் நோய் குறித்து ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹன்டிங்டன் நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை கருவிலேயே உடலின் எல்லாச் செல்களிலும் இருக்கிறது என்றால், அந்த நோய் ஏன் நாற்பது வயதுவரை காத்திருக்கிறது, மூளையின் ஒரு பகுதியை மட்டும் ஏன் முதலில் அழிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நோய்க்குக் காரணம் புரதம் அன்று, டி.என்.ஏ.தான் என்று 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிறுவிவிட்டதாகப் படித்ததையும் குறிப்பிட்டு, அப்படியானால் முப்பது ஆண்டுகளாகப் புரதத்தைத் துரத்தியவர்களின் உழைப்பெல்லாம் வீண்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் உறவினர் ஒருவரின் பரிசோதனை அறிக்கையில் 42 என்ற எண் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மற்றக் கேள்விகளுக்கு அடியில் உண்மையில் இருப்பது அந்த எண்தான் என்று நினைக்கிறேன், கடைசியில் அதற்கு வருகிறேன். நான் மூலக்கூறு உயிரியலில் பயிற்சி பெற்றவன். இத்தகைய தொடர்களின் நீளத்தை ஆய்வகத்தில் அளக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் அல்லன். ஆகவே கீழே எழுதுவதை நோயின் இயக்கம் பற்றிய விளக்கமாக மட்டும் கொள்ளுங்கள். தனியொருவருக்கான ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

அடிப்படைச் செய்திகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1872-இல் ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர், தலைமுறைதோறும் இறங்கி வந்து, நடுவயதில் தொடங்கி, கட்டுக்கடங்காத உடலசைவுகளோடு மனத்தையும் குலைக்கும் இந்த நோயை விவரித்தார். வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரையில் இந்த நோய் மிகுந்திருந்த குடும்பங்களின் ஒத்துழைப்பு கிடைத்ததால், நான்சி வெக்ஸ்லர், ஜேம்ஸ் குசெல்லா முதலியோர் 1983-இல் இதற்கான மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார்கள். மரபணுவையே கைப்பற்ற மேலும் பத்து ஆண்டுகள், 1993 வரை, ஆயின. ஹன்டிங்டின் என்ற மிகப் பெரிய புரதத்துக்கான அந்த மரபணுவின் தொடக்கத்தில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து மீண்டும் மீண்டும் வருகிறது. அது 35 முறைக்குள் வந்தால் நோய் இல்லை. 36 முதல் 39 வரை என்றால் சிலருக்கு வரும், சிலருக்கு வராமலே போகும். 40 அல்லது அதற்கு மேல் என்றால், இயல்பான ஆயுள் வாழும் எவருக்கும் அநேகமாக வந்தே தீரும். எண்ணிக்கை கூடக் கூட நோய் தொடங்கும் வயது குறைகிறது. 60-ஐத் தாண்டினால் பெரும்பாலும் இருபது வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இவற்றில் எதுவும் இன்று விவாதத்துக்குரியது அன்று.

சி.ஏ.ஜி. என்பது புரத மொழியில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும் சொல். ஆகவே தொடர் நீண்டால் புரதத்தில் குளுட்டமின் வாலும் நீளும். நீண்ட குளுட்டமின் வால்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளக்கூடியவை என்பது சோதனைக்குழாயில் காணப்பட்டது. 1997 வாக்கில் எலிகளின் நரம்புச் செல்களிலும், பிறகு நோயாளிகளின் மூளையிலும், அத்தகைய திரட்சிகள் கண்ணுக்கே தெரிந்தன. இப்படிக் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட ஒன்றைக் குற்றவாளி என்று கருதாமல் இருப்பது கடினம். நீண்ட வால் கொண்ட புரதம் பிறந்த நாள் முதலே சிறிது சிறிதாக நஞ்சைச் சேர்க்கிறது, நாற்பது ஆண்டுச் சேமிப்பு ஒருநாள் தாங்காமல் போகிறது என்பதுதான் நான் மாணவனாக இருந்தபோது கற்பிக்கப்பட்ட விளக்கம். அதில் அப்போதே சில விரிசல்கள் இருந்தன. 2004-இல் உயிருள்ள நரம்புச் செல்களை நாள்கணக்கில் தொடர்ந்து படமெடுத்துப் பார்த்தபோது, பெரிய திரட்சி உருவான செல்கள் விரைவில் சாகவில்லை. திரட்சி உருவாகாத செல்களே கூடுதலாகச் செத்தன. இன்னொரு விரிசல் அதைவிட எளியது. இந்தப் புரதம் உடலெங்கும் உருவாகிறது. அப்படியிருக்க, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில், அதுவும் அங்குள்ள ஒரு குறிப்பிட்ட வகை நரம்புச் செல்களில், அழிவு முதலில் தொடங்குவானேன்? சேமிப்புக் கதையில் இதற்கு விடை இல்லை.

இந்த இடத்தில் என் தொழிலிலிருந்து ஒரு செய்தி. சி.ஏ.ஜி. தொடரை அளக்கும்போது பி.சி.ஆர். முறையில் அதைப் பெருக்கி, மெல்லிய குழாய் வழியே ஓடவிட்டு, நீளத்துக்கேற்பப் பிரிப்போம். திரையில் ஒரே ஒரு முகடு வருவதில்லை. உயரமான முகட்டுக்கு இருபுறமும் சிறு முகடுகள் சீப்பின் பற்கள்போல நிற்கும். பெருக்கும் நொதி வழுக்கி ஓரிரு அலகுகளை (ஓர் அலகு என்பது ஒரு சி.ஏ.ஜி.) தவறவிடுவதால் இடப்பக்கப் பற்கள் உருவாகின்றன. வலப்பக்கத்தில், நீளம் கூடிய திசையில், தேய்ந்துகொண்டே போகும் சிறு பற்களையும் அதே வழுக்கலின் இரைச்சல் என்று எண்ணி, உயரமான முகட்டின் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு நான் பல நூறு முறை கடந்து போயிருக்கிறேன். அறிக்கைக்கு அந்த ஓர் எண் போதும்தான். ஆனால் அந்த வலப்பக்க வால், இரைச்சலைத் தவிர வேறொன்றையும் சுமந்துகொண்டிருந்தது: ஒரே மனிதரின் செல்களுக்குள்ளேயே தொடர் நீண்டுகொண்டு போவதன் தடயம். இரத்தத்தில் அது மிகச் சிறியது. மூளைத் திசுவில் அப்படி இல்லை. 2003-இல் பெகி ஷெல்போர்னும் அவரது குழுவினரும், நோயின் தொடக்க நிலையிலேயே இறந்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில், பிறவியில் நாற்பதுகளில் இருந்த தொடர் சில செல்களில் ஆயிரம் வரை நீண்டிருப்பதைக் கண்டார்கள். சாகப்போகும் செல்களில்தான் தொடர் மிகுதியாக நீள்கிறது என்ற செய்தி அன்றே அச்சில் வந்துவிட்டது. அதை நோயின் காரணமாக அல்லாமல் நோயின் பக்கவிளைவாகவே பலர் கருதினார்கள். நானும் அப்படிக் கருதியவர்களில் ஒருவன்.

அந்தக் கருத்தை மாற்றியவை எலிகளோ செல்வளர்ப்புக் கிண்ணங்களோ அல்ல, நோயாளிகளின் மரபணுத் தொகுதிகள்தான். ஒரே எண்ணிக்கையிலான சி.ஏ.ஜி. கொண்ட இருவருக்கு நோய் தொடங்கும் வயது இருபது ஆண்டுகள்கூட வேறுபடலாம். அந்த வேறுபாட்டை ஏற்படுத்தும் பிற மரபணுக்கள் எவை என்று ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் தேடிய கூட்டாய்வின் முதல் முடிவுகள் 2015-இலும், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய முடிவுகள் 2019-இலும் வெளிவந்தன. புரதத் திரட்சியே காரணம் என்றால், புரதத்தை மடிக்கும் மரபணுக்களும் கழிவகற்றும் மரபணுக்களும் பட்டியலின் உச்சியில் வந்திருக்க வேண்டும். வந்தவை ஃபேன்1, எம்.எஸ்.எச்.3, எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.1, பி.எம்.எஸ்.2, லிக்1. இவை அனைத்தும் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் வேலையைச் செய்பவை. எம்.எஸ்.எச்.3-ஐ எலிகளில் நீக்கினால் சி.ஏ.ஜி. தொடர் செல்களில் நீள்வது நின்றுவிடும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆக இரண்டு தனித்தனிப் பாதைகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

2019 ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பும் இருந்தது; என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான சான்று அதுவே. பெரும்பாலானோருக்குச் சி.ஏ.ஜி. தொடரின் முடிவில் ஒரு சி.ஏ.ஏ., அதற்குப் பின் ஒரு சி.ஏ.ஜி. என்று வருகிறது. சி.ஏ.ஏ.வும் குளுட்டமினையே குறிக்கும். ஆகவே புரதம் அந்த மாற்றத்தை அறியாது. மிகச் சிலரிடம் அந்த சி.ஏ.ஏ. இருக்கும் இடத்தில் சி.ஏ.ஜி.யே இருக்கிறது. ஒருவரிடம் தடையற்ற 42 சி.ஏ.ஜி., பிறகு சி.ஏ.ஏ., பிறகு சி.ஏ.ஜி. என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய புரதத்தில் 44 குளுட்டமின்கள். இன்னொருவரிடம் இடையில் எந்த மாற்றமும் இல்லாமல் 44 சி.ஏ.ஜி. இருந்தால், அவருடைய புரதத்திலும் அதே 44 குளுட்டமின்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே புரதம். ஆயினும் இரண்டாமவருக்கு நோய் பல ஆண்டுகள் முன்னதாகத் தொடங்குகிறது. பிறவியில் பெற்ற புரதத்தின் நீளம் நோயின் காலத்தைத் தீர்மானிக்கவில்லை, டி.என்.ஏ.வில் தடையின்றி ஓடும் தொடரின் நீளமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை எந்த ஆய்வகமும் வடிவமைத்திருக்க முடியாது. இதில் ஒரு நெருடலும் உண்டு: முன்னதாகத் தொடங்கும் அளவு, கூடுதலான அந்த இரண்டு அலகுகளால் மட்டும் விளக்கக்கூடியதைவிடப் பெரிது. மீதிக்கு என்ன காரணம் என்பது இன்னும் தீராத கேள்வி.

நரம்புச் செல் பிரிவதே இல்லை. பிறகு எப்படி அதன் டி.என்.ஏ. நீளும் என்று உங்களுக்குத் தோன்றலாம். மரபணு படிக்கப்படும்போது இரண்டு இழைகளும் தற்காலிகமாகப் பிரிந்து மீண்டும் சேர்கின்றன. ஒரே மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும் இடத்தில், சட்டையின் பொத்தான்களைத் தவறான துளைகளில் மாட்டுவதுபோல, இழைகள் சற்று நகர்ந்து சேர்ந்துவிட, ஒரு சிறு வளையம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.3 ஆகிய இரண்டும் இணைந்த புரதக் கூட்டு அந்த வளையத்தை அடையாளம் காண்கிறது, எம்.எல்.எச்.1 குடும்பத்தைச் சேர்ந்த கூட்டாளிகள் வந்து இழையை வெட்டுகின்றன; பிறகு இடைவெளி நிரப்பப்படுகிறது. வளையம் இருந்த இழையை வெட்டியிருந்தால் அது நீங்கியிருக்கும். எதிர் இழை வெட்டப்படும்போது, வளையத்தையே அச்சாகக் கொண்டு இடைவெளி நிரப்பப்பட்டு, தொடர் ஓரலகோ இரண்டலகோ நிரந்தரமாக நீண்டுவிடுகிறது. ஃபேன்1 இதற்கு எதிராக வேலை செய்கிறது, எம்.எல்.எச்.1-ஐப் பற்றிக்கொண்டு அந்தக் கூட்டு சேர்வதைத் தடுக்கிறது என்பது அதன் பணிகளுள் ஒன்று. பழுதுபார்க்க வந்தவரே பழுதைப் பெரிதாக்கிவிட்டுப் போகும் கதை இது. தொடர் நீண்டிருந்தால் அடுத்த வழுக்கலுக்கான வாய்ப்பும் கூடும் என்பதால், தொடக்கத்தில் மிக மெதுவாகவும் பிறகு வேகமாகவும் நீட்சி நடக்கிறது.

நீங்கள் படித்த 2025 ஆய்வு இங்கேதான் வருகிறது. ஸ்டீவன் மெக்கரோல், சபினா பெரெட்டா ஆகியோரின் குழுக்கள், ஹன்டிங்டன் நோய் இருந்த 53 பேரும் இல்லாத 50 பேரும் இறந்தபின் தானமளித்த மூளைத் திசுக்களிலிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களைத் தனித்தனியாக ஆராய்ந்தன. ஒவ்வொரு செல்லிலும் எந்தெந்த மரபணு எந்த அளவில் செயல்படுகிறது என்பதோடு, அதே செல்லில் சி.ஏ.ஜி. தொடர் எவ்வளவு நீளம் என்பதையும் சேர்த்து அளக்கும் முறையை உருவாக்கியதுதான் அவர்களின் சாதனை. அதுவரை இவ்விரண்டும் தனித்தனியாகவே அளக்கப்பட்டன. ஸ்ட்ரையேட்டத்தின் முதன்மை நரம்புச் செல்களில் தொடர் நூறு, இருநூறு, ஐந்நூறு என்று நீண்டிருந்தது. பக்கத்திலேயே உள்ள பெரும்பாலான பிற வகைச் செல்களில் அது பிறவி அளவை ஒட்டியே நின்றது. எதிர்பாராத முடிவு அடுத்து வந்தது. 40 அலகு உள்ள செல்லுக்கும் 120 அலகு உள்ள செல்லுக்கும் மரபணுச் செயல்பாட்டில் கண்டறியக்கூடிய வேறுபாடு இல்லை. ஏறக்குறைய 150-ஐத் தாண்டிய பிறகே நூற்றுக்கணக்கான மரபணுக்கள் நிலைகுலைகின்றன. அந்தச் செல் தன் வகைக்குரிய அடையாளத்தை இழந்து, பின்னர் சாகிறது. 40-இலிருந்து 80-ஐ எட்டப் பல பத்தாண்டுகள், அங்கிருந்து 150-க்குச் சில ஆண்டுகள், அதற்கு மேல் சில மாதங்கள் என்று அவர்களின் கணக்கீடு மதிப்பிடுகிறது. ஒவ்வொரு செல்லும் வெவ்வேறு காலத்தில் அந்த எல்லையைக் கடப்பதால், எந்த நேரத்திலும் மிகச் சிறு விழுக்காட்டுச் செல்களே நஞ்சு நிலையில் இருக்கின்றன. நாற்பது ஆண்டு அமைதிக்கு இதுவரை கிடைத்துள்ள விளக்கங்களில் இதுவே மிக இசைவானது.

இசைவானது என்பதும் முடிவானது என்பதும் ஒன்றல்ல. செல்களுக்குள் தொடர் நீள்கிறது என்பது உறுதி. நீட்சியின் வேகம் நோய் தொடங்கும் வயதைப் பாதிக்கிறது என்பதும், மரபியல் சான்றின் வலிமையால், கிட்டத்தட்ட உறுதி. 2025-இலேயே வெளிவந்த, வில்லியம் யாங் குழுவின் எலி ஆய்வும் இதை வலுப்படுத்துகிறது: பிறவியிலேயே 140 அலகு கொண்ட எலிகளில் எம்.எஸ்.எச்.3-ஐயோ பி.எம்.எஸ்.1-ஐயோ நீக்கியபோது, நீட்சி குறைந்ததோடு நோயின் பல அறிகுறிகளும் தணிந்தன. ஆனால் 150 என்ற எல்லையை நான் அவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். இறந்தவரின் திசுவில் பிழைத்து நிற்கும் செல்களைத்தான் பார்க்க முடிகிறது. முன்பே செத்தவை கணக்கில் வருவதில்லை. மரபணுச் செயல்பாடு மாறவில்லை என்பதால், நரம்பிணைப்புகளிலோ நீண்ட நரம்பிழைகளிலோ எதுவுமே மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. கல்லீரலிலும் கணிசமான நீட்சி நடக்கிறது. கல்லீரல் இந்த நோயால் அழிவதில்லை. மூளையிலும் நீட்சியின் அளவும் அழிவின் அளவும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போகவில்லை. ஆகவே நீட்சி இன்றியமையாதது என்று கொண்டாலும், அது மட்டுமே போதுமானது என்று கொள்வதற்கில்லை.

இதிலிருந்து உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரலாம். புரதமா, டி.என்.ஏ.வா என்று கேட்பது இரண்டு வெவ்வேறு வினைகளை ஒன்றாகக் குழப்புவது. நோய் எப்போது என்பதைத் தீர்மானிப்பது ஒரு வினை. செல்லைக் கொல்வது இன்னொரு வினை. புதிய சான்றுகள் முதல் வினையை டி.என்.ஏ. நீட்சியின் கையில் கொடுத்திருக்கின்றன. இரண்டாவதைப் பற்றி அவை பெரும்பாலும் மௌனமாகவே இருக்கின்றன. 200 அலகு கொண்ட மரபணுவிலிருந்து உருவாகும் மிக நீண்ட குளுட்டமின் வால் கொல்கிறதா, முதல் பகுதி மட்டும் தனியே வெட்டுப்பட்டு உருவாகும் சிறு துண்டுப் புரதம் கொல்கிறதா, அல்லது புரதம் உருவாவதற்கு முன் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்.என்.ஏ.வே கேடு விளைவிக்கிறதா என்பது திறந்த கேள்வி. என் சாய்வு துண்டுப் புரதத்தின் பக்கம். 2013-இல் கில்லியன் பேட்ஸ் குழு காட்டியதுபோல, தொடர் நீண்டால் அந்தத் துண்டுக்கான ஆர்.என்.ஏ. கூடுதலாக உருவாகிறது என்பதே அதற்குக் காரணம். இது சாய்வுதான், முடிவு அன்று. ஆகவே புரதத்தை ஆராய்ந்தவர்கள் ஏமாந்துபோனதாகச் சொல்ல முடியாது. அவர்கள் 100, 150 அலகு கொண்ட எலிகளையும் செல்களையும் வைத்துக் கண்டவை, மனித மூளையில் கடைசிக் கட்டத்துக்குப் பொருந்தும் செய்திகளாக இப்போது புதிய பொருள் பெறுகின்றன. அவ்வளவு நீண்ட தொடர் இல்லாமல் எலிக்கு நோய் வருவதே இல்லை என்பதை அன்று நாங்கள் ஒரு தொல்லையாக மட்டும் பார்த்தோம். ஈராண்டே வாழும் எலிக்கு நாற்பதிலிருந்து நீள்வதற்கு நேரமில்லை என்பதை யோசித்திருக்க வேண்டும்.

சிகிச்சை பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. ஹன்டிங்டின் புரதத்தின் அளவையே குறைக்கும் டோமினெர்சென் என்ற மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையில், 2021 மார்ச்சில் மருந்து கொடுப்பது நிறுத்தப்பட்டது. அடிக்கடி மருந்து பெற்றவர்களின் நிலை, மருந்தில்லாதவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது. புரதம் காரணமல்ல என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. நான் ஏற்கமாட்டேன். அந்த மருந்து பழுதான புரதத்தோடு நல்ல புரதத்தையும் குறைத்தது. மூளையின் ஆழத்துக்கு அது போதிய அளவு சென்றதா என்பதும் ஐயம். மாறாக, புரதத்தைக் குறைக்கும் மரபணுவை மூளைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஏ.எம்.டி.-130 என்ற சிகிச்சை நோயின் வேகத்தை முக்கால் பங்கு குறைத்ததாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்கு உயரளவு மருந்து பெற்று மூன்றாண்டு கடந்த 12 பேரை, சோதனைக்கு வெளியே உள்ள நோயாளிகளின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டது. நம்பிக்கை தரும் செய்தி, எனினும் அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்ப இன்னும் இயலாது. எம்.எஸ்.எச்.3-ஐக் குறைத்து நீட்சியையே மெதுவாக்கும் வழி இன்னொன்று. பழுதுபார்க்கும் மரபணுவைக் குறைத்தால் புற்றுநோய் வராதா என்ற கேள்வி நியாயமானது, எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 ஆகியவற்றின் குறைபாடு பெருங்குடல் புற்றுநோய்க்கு இட்டுச்செல்வது நன்கு அறியப்பட்டது. எம்.எஸ்.எச்.3-இன் பங்கு அவற்றைவிடச் சிறியது என்பதால்தான் அது இலக்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இந்த வழி பலிக்குமானால், 150-ஐ இன்னும் எட்டாத செல்கள் மிகுதியாக இருக்கும் காலத்தில், அதாவது அறிகுறிகள் தோன்றுவதற்கு முன்போ தொடக்கத்திலோ கொடுத்தால்தான் பெரும்பயன் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

இனி அந்த 42. அது இரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் அளந்த எண். பிறவியில் கிடைத்த நீளத்தை ஏறத்தாழச் சொல்கிறது. மூளையில் இன்று என்ன நீளம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. பெருந்தொகையான மக்களிடம் பார்த்தால், நோய் தொடங்கும் வயதில் காணும் வேறுபாட்டில் பாதிக்குச் சற்று மேலானதையே இந்த எண் விளக்குகிறது. தனியொருவரிடம், அதுவும் நாற்பதுகளின் தொடக்கத்தில் உள்ள எண்ணை வைத்து வயதைக் கணிப்பது வீண். இணையத்தில் கிடைக்கும் கணிப்பான்கள் தரும் வயதை உறவினரிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்னொன்று: வழக்கமான பரிசோதனைகள் பெருக்கப்பட்ட டி.என்.ஏ. துண்டின் மொத்த நீளத்தை அளந்து, முடிவில் சி.ஏ.ஏ. இருப்பதாக எடுத்துக்கொண்டே சி.ஏ.ஜி. எண்ணைக் கணக்கிடுகின்றன. எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டனவா, அல்லது நீளம் மட்டும் அளக்கப்பட்டதா என்பதை மரபியல் ஆலோசகர் வழியாக ஆய்வகத்திடம் கேட்கலாம். சி.ஏ.ஏ. இல்லாதவர்கள் மிக அரிது; பெரும்பாலும் விடை ‘வழக்கமான வரிசைதான்’ என்றே வரும். நோய் தொடங்குவதாகத் தோன்றும் வயதும் அறிக்கையின் எண்ணும் குடும்பத்தில் பொருந்தாமல் இருந்தால் மட்டும், அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.